தூக்கி வைத்த முகம்: ஜோகூர்த் தமிழ்ப் பேச்சில் ஊடலும் மெராஜோக்கும்

1. ஒரு செடி, இரண்டு பெயர்கள்

ஜோகூரின் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் பள்ளித் திடல்களிலும் தரையோடு படர்ந்து கிடக்கும் முட்செடி ஒன்று உண்டு. விரல் பட்டதும் சிற்றிலைகள் இணை இணையாக மூடிக்கொள்ளும், காம்பும் சாய்ந்துவிடும். காம்படியிலுள்ள புடைப்பிலிருந்து நீர் விலகுவதால் நேரும் அசைவு அது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து ஆசியா எங்கும் பரவிய செடி என்பதால், இங்குள்ள மொழிகள் அதற்குப் புதிதாகப் பெயர் சூட்ட வேண்டியிருந்தது. மலாய்மொழி அதைச் 'செமாலு' என்றது. 'மாலு' என்றால் நாணம். தமிழ் 'தொட்டாற்சிணுங்கி' என்றது. மூடிய இலை ஒன்றுதான். ஒரு மொழி அதில் வெட்கத்தைக் கண்டது. மற்றொன்று சிணுங்கலைக் கண்டது.

மனித முகத்துக்கும் இதே நிலைதான். உதடு இறுகி, கன்னம் உப்பி, பார்வை வேறு பக்கம் திரும்பியிருக்கும் ஒரு முகத்தை 'உம்மென்ற முகம்' என்கிறோம், 'சிடுமூஞ்சி' என்கிறோம், 'கோவிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு' என்கிறோம். இச்சொற்கள் ஒரே தோற்றத்துக்குரிய மாற்றுப் பெயர்களா, அல்லது வெவ்வேறு செய்திகளைச் சொல்பவையா? இந்தச் சொற்களில் முகம் எவ்வளவு, உறவு எவ்வளவு? தமிழும் மலாயும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் ஜோகூரில், தேற்றுதலை எதிர்பார்த்துப் பிணங்கியிருப்பதைக் குறிக்கும் 'மெராஜோக்' என்ற மலாய்ச் சொல் தமிழ்ப் பேச்சுக்குள் வரும்போது எது நிரம்புகிறது, எது கரைகிறது?

இக்கேள்விகளை மூன்று வகைச் சான்றுகள் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்: முகக்குறிகள் பற்றிய அறிவியல் எழுத்துகள், தமிழ் இலக்கண இலக்கிய மரபு, அன்றாடப் பேச்சுவழக்கு. பிணக்கைக் குறிக்கும் சொற்கள் முகத்தை வருணிப்பதாகத் தோன்றினாலும், அவற்றின் உள்ளே இருப்பது ஓர் உரிமைக் கோரிக்கை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. 'என்னை வந்து தேற்று' என்று கேட்க உரிமை உள்ளவர் யார் என்பதை இச்சொற்கள் பதிவு செய்கின்றன.

2. முகத்தை அளந்தவர்கள்

பிணங்கிய முகத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்த முன்னோடி சார்லஸ் டார்வின். மனித இனங்கள் அனைத்திலும் முகக்குறிகள் ஒன்றா என்பதை அறிய அவர் 1867இல் பதினாறு கேள்விகள் கொண்ட பட்டியலை உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பினார். அவற்றுள் பதினான்காவது கேள்வி பிணங்கும் குழந்தைகளைப் பற்றியது: அவர்கள் உதட்டை முன்னால் நீட்டுகிறார்களா என்று அது கேட்டது. அவருக்கு 36 மறுமொழிகள் வந்தன. மலாய்த் தீபகற்பத்தின் உட்பகுதிக்குச் சென்றிருந்த சுரங்கப் பொறியாளர் கீச், அங்குள்ள மக்களின் முகக்குறிகளைக் கூர்ந்து நோக்கி இரண்டு நீண்ட கடிதங்கள் எழுதினார். 1872இல் வெளிவந்த உணர்வு வெளிப்பாடு பற்றிய நூலில், மலாக்கா மலாய்க்காரர்களிடமும் இந்தியக் குழந்தைகளிடமும் உதடு பிதுக்கல் காணப்பட்டதை டார்வின் குறிப்பிடுகிறார். ஓராங் ஊத்தான், சிம்பன்சி ஆகியவற்றின் குட்டிகளும் மனக்குறை கொள்ளும்போது உதட்டை நீட்டுகின்றன என்பதை அதனோடு ஒப்பிடுகிறார்.

எனவே உதடு உலகுக்குப் பொது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1978இல், பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முகத்தசைகளின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்து ஒரு குறியீட்டு முறையை வகுத்தார்கள். அதில் தாடை முனையை உயர்த்துவது 17. உதட்டைக் குவிப்பது 18. பிணங்கிய முகத்தை இப்படி எண்களாலேயே எழுதிவிட முடியும். ஆயினும் எக்மன் வகுத்த ஆறு அடிப்படை உணர்வுகளில் மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகியவை உள்ளன, பிணக்குக்கு இடமில்லை. அசைவுக்கு எண் கிடைத்தது, உணர்வுப் பட்டியலில் பெயர் கிடைக்கவில்லை. இதை ஆய்வாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. பிணக்கு என்பது ஒரு தனி முகத்துக்குள் அடங்கும் பொருள்தானா என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. பின்னர் காண்பதுபோல, தமிழ் இலக்கண மரபும் இதே இடத்தில் ஒரு தெளிவான முடிவை எடுத்திருக்கிறது.

3. தமிழ்ச் சொற்களின் வகைகள்

பேச்சில் வழங்கும் சொற்களை அவை எதைப் பற்றிக்கொண்டு பிறந்தன என்பதைக் கொண்டு நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒலிக்குறிப்புச் சொற்கள்: உம்மென்று இருத்தல், உம்மணாமூஞ்சி, சிடுசிடுப்பு, கடுகடுப்பு, முணுமுணுப்பு. இவற்றுள் 'உம்' தனிக் கவனத்துக்குரியது. 'உ' என்று சொல்ல உதடு குவிந்து முன்வர வேண்டும். 'ம்' என்று சொல்ல உதடு மூட வேண்டும். சொல்லைச் சொல்பவரின் வாயே அந்த முகத்தைச் செய்து காட்டிவிடுகிறது. மலாயில் பிணங்கிய முகத்துக்குரிய மாசாம், மூராம், மோன்யோக், முன்ச்சோங் ஆகியவையும் மகர ஒலியில் தொடங்குவதைக் கண்டு, உதடு மூடும் ஒலிக்கும் பிணக்குக்கும் பொதுத்தொடர்பு உண்டு என்று முடிவு கட்டத் தோன்றும். அம்முடிவு நிற்காது, இனிமையைக் குறிக்கும் 'மானிஸ்' என்ற மலாய்ச் சொல்லும் மகரத்தில்தான் தொடங்குகிறது. தமிழ் 'உம்' மட்டும் ஒலிக்குறிப்பாகவே பிறந்ததால் அதற்கு இந்த விளக்கம் பொருந்தும். மற்றவற்றுக்கு நீட்டுவது மிகை.

இரண்டாவது, வடிவம் பற்றிய சொற்கள்: முகம் சுளித்தல், முகம் கோணுதல், முகம் சுண்டுதல், முகம் வாடுதல், உதடு பிதுக்குதல். இவை முகத்தைத் துணியாகவும் பூவாகவும் காண்கின்றன.

மூன்றாவது, அடுக்களைச் சொற்கள். 'முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது' என்ற தொடரில் முகம் சூடேறிய வாணலியாகிறது. விளக்கெண்ணெய் குடித்த முகம், இஞ்சி தின்ற குரங்கு என்பவையும் நாவிலிருந்து முகத்துக்கு ஏறியவை.

நான்காவது, முகத்தைக் கையாளும் பொருளாகக் கொண்ட சொற்கள்: முகத்தைத் தூக்கி வைத்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், முகம் கொடுத்துப் பேசாமை. இவற்றில் முகம் கொடுக்கப்படுகிறது, மறுக்கப்படுகிறது, எட்டாத உயரத்தில் வைக்கப்படுகிறது. இவ்வகையே நம் கேள்விக்கு நேரான விடையைத் தருகிறது.

4. 'தூக்கி வைத்துக்கொண்டு': மூன்று வினைகள்

"காலையிலேர்ந்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கா" என்ற வாக்கியத்தைக் கேட்காத தமிழ் வீடு இல்லை. இதிலுள்ள மூன்று வினைகளும் ஆளுக்கொரு வேலை செய்கின்றன. 'தூக்கு' என்பது செயல். முகம் தானாக அந்த நிலைக்குப் போகவில்லை. 'வை' என்பது ஒரு பயனை எதிர்பார்த்து நிறுத்தி வைத்தல். கடிதத்தை எழுதி வைப்பது, சோற்றை மூடி வைப்பது போல, யாரோ வந்து பார்ப்பதற்காக அந்த முகம் வைக்கப்படுகிறது. 'கொள்' என்பது செயலின் பயனைச் செய்பவர் பக்கம் திருப்புகிறது.

இது இறுகிப்போன மரபுத்தொடர்தானே, உறுப்புகளைப் பிரித்துப் பொருள் காண்பது சரியா என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு இது. விடை காண ஓர் எளிய சோதனை உண்டு. "மூஞ்சத் தூக்கி வெக்காதே" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது இயல்பு. "முகம் வாடாதே" என்று யாரும் அதட்டுவதில்லை. "முகம் சுண்டாதே" என்றும் சொல்வதில்லை. வாடுவதும் சுண்டுவதும் முகத்துக்கு நேர்பவை; தூக்கி வைப்பது ஒருவர் செய்வது. தடுக்கக்கூடியதை மட்டுமே மொழி தடுக்கிறது. மரபுத்தொடராக இறுகிய பிறகும் பேசுவோர் அதன் உள்ளமைப்பை உணர்ந்தே பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு இது போதிய சான்று.

'கொள்' என்ற துணைவினையின் ஆற்றல் இன்னும் ஆழமானது. 'கோபித்தான்' என்றால் சினம் வெளியே பாய்கிறது. 'கோபித்துக்கொண்டான்' என்றால் அது உள்ளே திரும்பி, மனத்தாங்கலாகிறது. "அவரு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு" என்பதில் அடிதடி இல்லை. கைநனைக்காமல் பந்தியிலிருந்து எழுந்துபோன உறவினர் இருக்கிறார். "கோவிச்சிக்காதீங்க" என்பது ஏறக்குறைய மன்னிப்புக் கேட்பதாகவே ஆகிவிட்டது. பிணக்குக்கெனத் தனிவேர் ஒன்றைப் பேச்சுத் தமிழ் நாடவில்லை. சினத்தின் வேரோடு 'கொள்' சேர்த்து அந்தப் பொருளை எட்டிவிட்டது.

இன்னொரு சோதனை ஜோகூருக்கே உரியது. 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர்க் கடற்பாலத்தின் வழியாக விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். அங்கே சிடுசிடுத்த முகங்கள் உண்டு, வாடிய முகங்கள் உண்டு. முன்னால் நிற்கும் அறிமுகமற்றவரைப் பார்த்து "கோவிச்சிக்கிட்டு நிக்கிறாரு" என்று எவரும் சொல்லமாட்டார். யாரிடம் கோபித்துக்கொண்டார் என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் அந்தச் சொல்லே செல்லாது. 'சிடுமூஞ்சி' என்பதற்கு ஒருவர் போதும். 'கோபித்துக்கொள்ளுதல்' என்பதற்கு இருவர் வேண்டும். அவர்களுக்கிடையே ஓர் உறவும் வேண்டும்.

5. இலக்கண மரபு: மெய்ப்பாடா, உரிப்பொருளா?

தொல்காப்பியம் உணர்வுகளின் உடல்வெளிப்பாட்டை மெய்ப்பாட்டியலில் தொகுக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டில் ஊடல் இல்லை. அதனை வெகுளியில் அடக்கலாமே என்றால், வெகுளி பிறக்கும் இடங்களாக அந்நூல் சொல்லும் நான்கும் கொடியவை: உறுப்பறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொல்லுதல். தலைவன் வீட்டுக்கு நேரம் கழித்து வந்ததற்காக முகம் திருப்பும் தலைவிக்கு அங்கே இடமில்லை.

ஊடலுக்கு வேறோர் இடத்தில் அரியணை போடப்பட்டிருக்கிறது. அகத்திணையியலில் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்து உரிப்பொருள்களுள் அது ஒன்று, மருதத்துக்கு உரியது. உரிப்பொருள் என்பது இருவருக்கிடையே நிகழும் ஒழுக்கம். அதாவது, பிணக்கை முகக்குறிகளின் பட்டியலில் வைக்காமல் உறவுநிலைகளின் பட்டியலில் வைத்தது நம் மரபு. எக்மனின் ஆறிலும் தொல்காப்பியரின் எட்டிலும் அது இல்லாமைக்கு ஒரே காரணம் இருக்கக்கூடும்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. மெய்ப்பாட்டியலின் பிற்பகுதியில் அகத்துக்கே உரிய மெய்ப்பாடுகள் சொல்லப்படும்போது, முனிவை மெய்யில் நிறுத்துதலும் வருகிறது. எனவே உடலுக்கு இதில் பங்கே இல்லை என்று தொல்காப்பியம் கருதியதாகச் சொல்ல முடியாது. உடல் அடையாளம் காட்டும், உறவு பொருள் தரும் என்று கொள்வதே இரு பகுதிகளுக்கும் பொருந்தும் விளக்கம்.

திருக்குறள் இதை இன்னும் நுட்பமாக்குகிறது. நூலின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. உணவுக்கு உப்பு எவ்வளவோ, காமத்துக்குப் புலவி அவ்வளவு என்பதும், அது நீண்டால் உப்பு மிகுந்ததுபோல் கெடும் என்பதும் வள்ளுவர் கருத்து. துனி, புலவி என்னும் இரண்டையும் கனிக்கும் இளங்காய்க்கும் அவர் ஒப்பிடும் இடத்தில், துனி முதிர்ந்த பிணக்கு, புலவி இளைய பிணக்கு என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். கணவன் தும்மினான் என்பதற்காகவே, எவரோ நினைத்ததால்தானே தும்மினாய் என்று பிணங்கும் மனைவியும் புலவி நுணுக்கத்தில் வருகிறாள். காரணம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு உரிமை பெரியது. மறுபுறம், விருந்தோம்பல் அதிகாரத்தில் முகம் சற்றே திரிந்தாலும் விருந்தினர் வாடிவிடுவார் என்கிறார். மனைவியிடத்தில் உப்பாக இருப்பது விருந்தினரிடத்தில் நஞ்சாகிறது. முகம் ஒன்றானாலும் எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

ஊடல் கோயில்களிலும் வாழ்கிறது. திருவண்ணாமலையில் பொங்கலுக்கு மறுநாள் திருவூடல் விழா, திருவூடல் தெருவிலேயே நடக்கிறது. திருவரங்கத்தில் பங்குனி விழாவின்போது தாயார் கதவடைக்க, நம்பெருமாள் வெளியே நிற்கும் மட்டையடி உண்டு. தெய்வமும் பிணங்கும், தெய்வமும் தேற்றப்பட வேண்டும் என்று ஒரு சமூகம் ஆண்டுதோறும் தெருவில் நடித்துக் காட்டுகிறது. பிணக்கைச் சின்னத்தனமாகக் கருதிய சமூகம் இதைச் செய்யாது.

6. மலாயின் புளித்த முகம்

மலாய்ச் சொல்லாய்வுக்கு ஜோகூர் ஒரு தாய்வீடு. மலாய் அறிவுக்கான கழகம் ஒன்று 1888இல் ஜோகூர் பாருவில் தொடங்கப்பட்டது. இன்று மலேசியாவின் மொழி அமைப்பாக விளங்கும் டேவான் பஹாசா டான் புஸ்தாகா, 1956 ஜூன் 22 அன்று ஜோகூர் பாருவின் புக்கிட் திம்பாலானில் பிறந்தது; அது வெளியிட்ட காமுஸ் டேவான் அகராதியின் முதற்பதிப்பு 1970இல் வந்தது. ஜோகூர்-ரியாவ் வழக்கே பொதுமலாய்க்கு அடித்தளம். எனவே இங்குள்ள தமிழர் காதில் விழும் மலாய், எங்கோ ஒரு மூலையின் வட்டார வழக்கு அன்று.

மலாயில் முகத்துக்கு 'மூக்கா' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது மூக்கை நினைவூட்டினாலும், வடமொழி 'முக'விலிருந்து வந்த சொல் அது. நம் 'முக'த்துக்கு உறவு. பிணங்கிய முகம் 'மூக்கா மாசாம்', அதாவது புளித்த முகம். அது முற்றினால் 'மாசாம் மென்ச்சூக்கா': காடிபோல் புளித்தது. இனிய முகம் 'மூக்கா மானிஸ்'. தமிழ் பிணக்கைச் சூட்டிலும் பொரிச்சலிலும் கண்டது. மலாய் அதைப் புளிப்பில் கண்டது. உதடு நீட்டல் 'முன்ச்சோங்'. மிகுந்தால் 'முன்ச்சோங் செடெப்பா', அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு நீண்ட வாய். முகத்தை இழுத்துக்கொள்வது 'தாரேக் மூக்கா'. 'பதினான்கு முகம்' என்று எண்ணால் சொல்லும் வழக்கும் உண்டு. இருவர் மாறி மாறி முகம் கொடுக்காமல் இருந்தால் 'பெர்மாசாம் மூக்கா'. இங்கே 'பெர்' என்னும் முன்னொட்டு பிணக்கை இருவருக்கும் பொதுவாக்குகிறது.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே நிற்பது 'ராஜோக்'. அதன் வினைவடிவம் 'மெராஜோக்'. பேசாமல், உண்ணாமல், ஒதுங்கிப்போய், தேற்றுவார் வருவாரா என்று காத்திருத்தல் அதன் பொருள். அதற்கு எதுகைபோல் அமைந்த இணைச்சொல் 'பூஜோக்': தேற்றுதல், தாஜா செய்தல். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வரும். அன்பு வைத்தவரிடம்தான் மெராஜோக் செல்லும் என்பது மலாய்க்காரர் பேச்சில் அடிக்கடி கேட்கும் கருத்து. கடற்பால வரிசையில் நிற்பவரை 'மூக்கா மாசாம்' என்று சொல்லலாம். 'மெராஜோக்' என்று சொல்ல முடியாது. தமிழில் சிடுமூஞ்சிக்கும் கோபித்துக்கொண்டவருக்கும் இடையே கண்ட அதே எல்லைக்கோடு மலாயிலும் அதே இடத்தில் விழுகிறது.

7. கடன் சொல்: இரு பார்வைகள்

"மெராஜோக் பண்ணாத லா, வா பசியாறலாம்" என்று பாட்டி பேரனை அழைக்கும் குரல் ஜோகூர்த் தமிழ் வீடுகளுக்கு அந்நியமானதன்று. இதை எப்படி மதிப்பிடுவது?

முதல் பார்வை, இது மொழிக்கலப்பு. தமிழில் சொல் இருக்க வேற்றுச்சொல் எதற்கு என்பது. அக்கறையிலிருந்து பிறந்த கேள்வி இது. ஆனால் எந்தத் தமிழ்ச்சொல் இருந்தது என்று தேடினால் சிக்கல் தெரியும். 'ஊடல்' செய்யுளிலும் திரைப்பாட்டிலும் மேடையிலும் காதலர்க்கும் கணவன் மனைவிக்கும் மட்டுமே உரியதாக நின்றுவிட்டது. எட்டு வயதுப் பேரன் ஊடுகிறான் என்று சொல்ல முடியாது. 'சிணுங்கல்' ஒலியோடு கூடியது. பிணங்கிய பிள்ளையோ வாய் திறப்பதில்லை. 'கோவிச்சிக்கிட்டான்' என்பதில் சினத்தின் வேர் கிடப்பதால், பிள்ளை தவறு செய்ததுபோல் ஒரு நிழல் விழுகிறது. தேற்றுதலை எதிர்நோக்கும் மெல்லிய பிணக்கை, வயதும் பாலும் பாராமல், குற்றம் சுமத்தாமல் சொல்ல ஒரு தனிவினை பேச்சில் வெற்றிடமாக இருந்தது. 'மெராஜோக்' அங்கே வந்து அமர்ந்தது.

இரண்டாம் பார்வை, தேவைக்கு வந்த சொல்லை வரவேற்று அமைதியடைவது. 'கொள்' ஒட்டி வேலையை முடித்த மொழி ஒரு வினையைக் கடன் வாங்கியதால் ஏழையாகிவிடாது என்பதில் நான் உடன்படுகிறேன். தமிழ் 'கப்பல்' மலாயில் 'காப்பால்' ஆனதும், 'மாப்பிள்ளை' அங்கே 'மெம்பெலாய்' ஆனதும் எதிர்த்திசையில் நடந்த இதே நிகழ்வுதான். ஆயினும் இப்பார்வை ஓர் இழப்பைக் காணத் தவறுகிறது. ஒரே சொல் எல்லாப் பிணக்குக்கும் போதும் என்றாகும்போது, அந்தச் சொல் நிரப்பிய இடத்தை மட்டுமல்ல, அக்கம்பக்கத்து இடங்களையும் எடுத்துக்கொள்கிறது. உம்மென்று இருப்பவனும், முகம் சுண்டியவனும், முறுக்கிக்கொண்டவனும், மனம் நொந்தவனும் ஒரே பெயருக்குள் அடைபடுகிறார்கள். சுண்டிய முகத்துக்கு வேண்டியது அரவணைப்பு. முறுக்கிய முகத்துக்கு வேண்டியது பொறுமை. பெயர் ஒன்றானால் மருந்தும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. கடன் வந்ததில் தீங்கில்லை. கடன் வந்தபின் சொந்தச் சொற்களை மறப்பதில்தான் தீங்கு.

8. பிணங்கும் உரிமை யாருக்கு?

ஜப்பானிய உளமருத்துவர் தாக்கேயோ டோய் 1971இல் வெளியிட்ட நூலில், பிறர் அன்பை உரிமையோடு எதிர்பார்த்துச் சாய்ந்துகொள்ளும் 'அமாயே' என்னும் மனநிலையை விளக்குகிறார். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறாதபோது பிறக்கும் நிலைகளில் ஒன்றாக அவர் பிணக்கைக் குறிக்கும் 'சுனேரு' என்னும் சொல்லை வைக்கிறார். மெராஜோக்குக்கும் புலவிக்கும் இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது. பிரெஞ்சில் பெண்களின் தனியறைக்குரிய 'பூத்வார்' என்னும் சொல், பிணங்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. வால்மீகியின் கைகேயிக்கும் பிணங்கிப் படுக்க ஓர் அறை இருந்தது. சாய்ந்துகொள்ள ஒருவர் இருந்தால்தான் பிணங்க முடியும்.

டோயின் விளக்கத்தில் விடுபடுவது அதிகாரம். தமிழ்ச் சொற்கள் அதை மறக்கவில்லை. திருமண வீட்டில் மணமகன் முகம் திருப்பினால் அதற்கு 'மாப்பிள்ளை முறுக்கு' என்று கௌரவமான பெயர் உண்டு. பெண்வீட்டார் ஓடிவந்து தேற்றுவார்கள். சம்பந்தி கோபித்துக்கொண்டால் அது 'மனத்தாங்கல்'. மருமகள் அதே முகத்தோடு நின்றால் 'மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கா'. தசைகளின் எண்கள் மூவருக்கும் ஒன்றே. பெயர்கள் ஏணிப்படிபோல் இறங்குகின்றன. முகம் என்பதும் மூஞ்சி என்பதும் அகராதியில் ஒரே பொருள். வீட்டில் அப்படி அல்ல.

தோட்ட வாழ்க்கையில் இந்த ஏணி இன்னும் செங்குத்தாக இருந்தது. பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நின்ற தொழிலாளியின் மூடிய முகம் கிராணி என்னும் எழுத்தருக்கும் துரைக்கும் முன்னால் 'முறைப்பு' என்றும் 'திமிர்' என்றும் பெயர் பெற்றது. பிணங்க அவருக்கு உரிமை இல்லை. தேற்றுவார் எவரும் வரப்போவதில்லை. எனவே அந்த முகம் ஊடலின் பட்டியலிலிருந்து கீழ்ப்படியாமையின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. கெடா மாநிலத்து நெல்வயல் கிராமம் ஒன்றை ஆராய்ந்து ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் எழுதிய நூல், வேலையில் மந்தம், அறியாமை நடிப்பு, பொய்யான பணிவு போன்றவற்றை எளியோரின் ஆயுதங்கள் என்று காட்டியது. உம்மென்ற முகத்தையும் அவ்வரிசையில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. சொல்ல முடியாத மறுப்பை அந்த முகம் சுமந்தது. லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அதே முகத்தைப் பார்த்து மனைவி "என்னங்க, மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று கேட்டிருப்பாள். காலையில் திமிராக இருந்தது மாலையில் வாட்டமாகப் பெயர் மாறுவதற்கு முகம் மாறத் தேவையில்லை. பார்ப்பவர் மாறினால் போதும்.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். எல்லாப் பிணக்கும் அன்பின் அடையாளம் என்று சொல்வது என் நோக்கமன்று. மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் மனைவியை வாட்டும் மௌனமும், மருமகளைக் கரைத்துவிடும் மௌனமும் உண்டு. உப்பு மிகுந்த புலவி என்று வள்ளுவர் எச்சரித்த எல்லைக்கு அப்பால் இருப்பவை அவை. துனிக்கும் புலவிக்கும் இரு பெயர்கள் இருந்தமையின் பயன் இதுதான்: எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொற்களே காட்டின.

9. முடிவாக

மேற்கண்ட சான்றுகள் மூன்று முடிவுகளுக்கு இட்டுச் செல்கின்றன. பிணங்கிய முகத்தின் தசையசைவு மனிதர்க்கெல்லாம் பொதுவாக இருக்கலாம்; ஆனால் அதற்குரிய சொற்களில் முதன்மையானவை உறவைக் குறிப்பவை. தொல்காப்பியம் ஊடலை உரிப்பொருளில் வைத்ததும், பேச்சுத் தமிழ் சினத்தோடு 'கொள்' சேர்த்ததும், மலாய் 'ராஜோக்'கைப் 'பூஜோக்'கோடு இணைத்ததும் ஒரே உண்மையின் மூன்று வழிகள். ஜோகூர்த் தமிழர் 'மெராஜோக்'கை எடுத்துக்கொண்டது, ஊடல் காதலுக்குள் சுருங்கியபோது உண்டான வெற்றிடத்தை நிரப்பவே. அதே நேரத்தில், பெயர் சூட்டும் அதிகாரம் எப்போதும் பார்ப்பவரிடமே இருந்திருக்கிறது. முறுக்கு, மனத்தாங்கல், திமிர் என்னும் சொற்கள் அதற்குச் சாட்சி.

இந்த ஆய்வு வகுப்பறைக்கும் பயன்படும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மரபுத்தொடர்கள் பொருள் எழுதும் பயிற்சியாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. 'முகம் சுண்டுதல்', 'முகத்தைத் தூக்கி வைத்தல்', 'முறுக்கிக்கொள்ளுதல்', 'மெராஜோக்' ஆகிய நான்கையும் பலகையில் எழுதி, எது யாருக்குப் பொருந்தும், எப்போது பொருந்தும், அந்த முகத்திடம் அடுத்து என்ன சொல்வாய் என்று பிள்ளைகளிடம் கேட்கலாம். கடைசி வரிசையில் உம்மென்று அமர்ந்திருக்கும் பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று அழைப்பதா, முகம் சுண்டியவன் என்று அழைப்பதா என்ற தேர்வு ஆசிரியரின் நாவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன கிடைக்கும் என்பதை அந்தச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது.